உங்கள் ஆர்க்கிடெக்ட் இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

நஞ்சன்கூடு என்றதும் கொஞ்சம் வயதான தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பல்பொடிதான். அதற்கு அடுத்துதான் ஸ்ரீகண்டேஸ்வரர். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி, சாமராஜநகர் வழியாக மைசூர் போகிறவர்கள் கபினியில் ஒரு முழுக்குப் போட்டு, ஏழுநிலைக் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பார்கள். அந்த ஆற்றின் மேலேயே நிற்கும் பழைய பாலத்தை இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்க வேண்டிய பாலம் அது. 1735ஆம் ஆண்டு மைசூர் தளவாய் தேவராஜர் கட்டியது. வரிசையாக வளைவுகள், ஆற்று வெள்ளம் புகுந்து வெளியேறத் தாராளமான கண்கள், சுண்ணாம்புக் காரைக் கட்டு. கட்டிய காலத்தில் உலகத்தில் எங்குமே பயணிகள் ரயில் கிடையாது. இங்கிலாந்தில் அது ஓடத் தொடங்கவே இன்னும் 90 வருஷம் பாக்கி. ஆனால் பின்னாளில் மீட்டர் கேஜ் ரயிலை இந்தப் பாலத்தின் மேலேயே விட்டார்கள். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் சாலை. மாட்டு வண்டிக்கும் படைக்கும் கட்டிய பாலம் நீராவி இன்ஜினையும் சுமந்தது.

தளவாய் என்றால் படைத்தலைவர். உடையார்கள் சிம்மாசனத்தில் இருக்க, அன்றைக்கு ஆட்சியை நடத்தியவர் இந்தத் தேவராஜர்தான். இவருடைய தம்பி நஞ்சராஜரைத் திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1750களில் திருச்சிக் கோட்டைக்கு ஆசைப்பட்டு, வருஷக்கணக்கில் படையோடு காத்துக் கிடந்து, கஜானாவைக் காலி செய்துகொண்டு வெறுங்கையோடு ஊர் திரும்பியவர். அண்ணன் கட்டிய பாலம் நின்றது, தம்பி தொடுத்த போர் நிற்கவில்லை. ஆற்றைக் கடக்க முடியாமல் படை நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள்தான் இப்படி ஒரு பாலத்தைக் கேட்டிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு மைசூர் நஞ்சன்கூடு சாலையின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுகள். மண்டகள்ளி விமான நிலையம், நஞ்சன்கூடு தொழிற்பேட்டை, அவற்றை நம்பி வீடு கட்டுகிறவர்கள். கூடவே மைசூரிலும் நஞ்சன்கூட்டிலும் மாடி அறைகளில் சின்னச் சின்ன டிசைன் அலுவலகங்கள். இரண்டு மூன்று பங்குதாரர்கள், நாலைந்து ஜூனியர்கள், சுவர் நிறைய எலிவேஷன் படங்கள். கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் இதே காட்சிதான். உள்ளே போய் உட்கார்ந்தால் லேப்டாப்பைத் திருப்பி 3டி படம் காட்டுவார்கள். நாமும் படத்தைப் பார்த்து மயங்கி, சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு எழுந்து வருகிறோம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார், எங்கே படித்தார், யாரிடம் வேலை கற்றார், இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. பெண் பார்க்கப் போனால் மூன்று தலைமுறையை விசாரிக்கிறவர்கள் நாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் முடித்துவிடலாம். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பி.ஆர்க். ஐந்து வருஷப் படிப்பு. நடுவில் ஓர் அலுவலகத்தில் பயிற்சியும் உண்டு. ஆனால் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: அந்தச் சட்டம் காப்பது பட்டத்தை மட்டும்தான், வேலையை அல்ல. பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்கக் கூடாது. வீட்டுக்கு டிசைன் செய்வதை அந்தச் சட்டம் தடுக்காது. ஆக, பதிவு எண் என்பது வாசற்படி. வாசற்படியைத் தாண்டியவர் உள்ளே என்ன சமைப்பார் என்பது வேறு கதை.

அந்தக் கதைக்கு மைசூரைவிட நல்ல ஊர் கிடைக்காது. 1897ல் ராஜகுமாரி ஜெயலட்சம்மண்ணியின் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்துச் சாம்பலானது. புதிய அரண்மனைக்கு அழைக்கப்பட்டவர் ஹென்றி இர்வின். நம் சென்னைக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். பிராஸிங்டன் வரைந்து தொடங்கிய உயர் நீதிமன்றத்தை 1892ல் முடித்துக் கொடுத்தவர். கன்னிமாரா நூலகமும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்து விக்டோரியா நினைவு மண்டபமும் அவர் கைவண்ணம். அதற்கும் முன்னால் சிம்லாவில் வைஸ்ராய் மாளிகை. பொதுப்பணித் துறை இன்ஜினீயராகத் தேய்ந்து மெருகேறிய மனிதர்.

மர அரண்மனை எரிந்ததால், எரியாத அரண்மனை வேண்டும். இன்ஜினீயர் மூளை அங்கேதான் வேலை செய்தது. கருங்கல், செங்கல், கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்த இரும்புத் தூண்கள். கல்யாண மண்டபத்தில் மயில் வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்ப்பவர்கள், அதைத் தாங்கும் மெல்லிய தூண்கள் இரும்பு என்பதைக் கவனிப்பதில்லை. தளத்தில் நின்று வேலை வாங்கியவர் அரண்மனைப் பிரிவின் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயர் ராகவுலு நாயுடு. டெல்லி, சென்னை, கல்கத்தா என்று ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களைப் படித்தவர். 1912ல் முடிந்தபோது செலவு 41,47,913 ரூபாய். இர்வின் பெயர் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. நாயுடு பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சின்ன அலுவலகங்களிலும் இதே வழக்கம்தான், போர்டில் இருப்பவர் ஒருவர், சைட்டில் வெயில் காய்கிறவர் இன்னொருவர்.

மைசூர் சமஸ்தானத்துக்கு அடுத்து வாய்த்தவர் ஒரு தோட்டக்காரர். ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகி, பரோடா வழியாக 1908ல் பெங்களூர் லால்பாக்குக்கு வந்த க்ரும்பீகல். பிருந்தாவன் தோட்டம் உருவானதில் இவர் பங்கு பெரியது. நகர அமைப்புக்கும் இவரிடம்தான் யோசனை கேட்டார்கள். ஒரு மரம் பூத்து உதிரும்போது அடுத்தது பூக்கத் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தெருவில் நட்டவர். இன்றும் பெங்களூர் தெருக்கள் மாதத்துக்கு ஒரு நிறம் மாறுவது அந்தக் கணக்கால்தான். எந்த ஆர்க்கிடெக்சர் கல்லூரியிலும் படித்து வருகிற புத்தி இல்லை இது.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விட சுவாரஸ்யமானவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். 1908ல் பெர்லினில் பிறந்த யூதர். அங்கே கட்டடக்கலை படித்து, 1933ல் ஷிங்கல் பரிசு வாங்கினார். அதே வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். வேலை போயிற்று, நாட்டை விட்டு எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் அகழ்வாராய்ச்சிக் குழுவில் வேலை. முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பைக் கேட்டால் சிரிப்பு வரும்: பண்டைய எகிப்தியர்கள் கதவு செய்த விதம். பரிசு வாங்கிய நவீனக் கட்டடக் கலைஞர், மூவாயிரம் வருஷத்துப் பழைய கதவின் முளையையும் குழியையும் அளந்துகொண்டிருந்தார்.

அவருடைய தாய்மாமன் இயற்பியல் மேதை மாக்ஸ் போர்ன். 1935ல் போர்னைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்துவந்து சில மாதங்கள் வைத்திருந்தவர் நம் திருச்சிக்காரர் சர் சி.வி. ராமன். அந்தத் தொடர்பில்தான் மருமகனுக்கு மைசூரின் வாசல் திறந்தது. திவான் மிர்சா இஸ்மாயில் அழைக்க, 1939ல் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் அவரிடம் எதிர்பார்த்தது குவிமாடமும் அலங்காரத் தூணும். அவருக்கு அதில் ஆசை இல்லை. அவர் கவனித்தது வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது, மழைச் சாரல் எவ்வளவு தூரம் அடிக்கிறது. அறிவியல் கழகத்தில் அவர் கட்டிய உணவுக்கூடத்தையும் அரங்கையும் விமானப் பொறியியல், உலோகவியல் துறைகளையும் பார்த்தால் தெரியும்: ஆழமான சன்ஷேடு, சூடான காற்று மேலே வெளியேற உயரத்தில் திறப்பு, குறுகலான கட்டட உடல். யுத்த காலம், இரும்பும் சிமென்டும் கிடைக்காத நேரம். கிடைத்ததை வைத்துக் கட்டினார். பத்ராவதிக்கு நகரத் திட்டம், டாடாக்களுக்காக ஜாம்ஷெட்பூர் திட்டம், 1948ல் புவனேஸ்வரம். பிறகு நேரு அரசில் வீட்டுவசதி இயக்குநர், அதன் பின் லண்டன். அங்கே 1950களில் வெப்பநாட்டுக் கட்டடக்கலைக்கென்று தனித்துறை உருவானபோது அதன் தூண் இவர்தான். 1974ல் மூன்று பேருடன் சேர்ந்து எழுதிய வெப்பநாட்டு வீடுகள் பற்றிய கையேட்டைத் தொடாமல் பி.ஆர்க். முடித்தவர்கள் இந்தியாவில் அரிது. சென்னை வெயிலுக்கு ஜன்னல் எங்கே வைக்க வேண்டும் என்று இன்றைய மாணவர்கள் கணக்குப் போடுவது, கெய்ரோவில் கதவு அளந்த அகதி பெங்களூரில் கற்றுக்கொண்ட பாடத்தை வைத்து.

ஒருவரின் பழைய வாழ்க்கை கட்டடத்துக்குள் எப்படி வருகிறது என்பதற்கு இது ஓர் ஆளின் கதை. ஓர் அலுவலகத்தின் கதை வேண்டுமென்றால் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போக வேண்டும்.

எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்பது வெள்ளைக்காரர் காலத்து நிறுவனம். அதில் வந்து உட்கார்ந்தவர் ஜெஃப்ரி பாவா. 1919ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், அப்புறம் லண்டனில் சட்டம், கொழும்பில் வக்கீல் தொழில். வக்கீல் வேலை ஒட்டவில்லை. 1948ல் லுனுகங்க என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதை இத்தாலியத் தோட்டம் மாதிரி ஆக்குகிறேன் என்று குன்றையும் மரத்தையும் நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான் தனக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லை என்பது உறைத்தது. மறுபடி லண்டன், மறுபடி மாணவர். 1957ல் ஆர்க்கிடெக்ட் ஆகும்போது வயது 38. நம் ஊரில் அந்த வயதில் கோர்ஸ் மாற்றினால் வீட்டில் சாமியாடிவிடுவார்கள்.

அலுவலகத்தில் சேர்ந்தவர்களைப் பாருங்கள். டென்மார்க்கிலிருந்து உல்ரிக் பிளெஸ்னர், தச்சு வேலைப்பாட்டையும் எளிமையையும் போற்றுகிற நாட்டின் பிள்ளை. லக்கி சேனநாயக்க, வரைபட மேசையில் உட்கார்ந்த ஓவியர். கட்டடப் படத்தில் மரத்தை வட்டமாகப் போடாமல் இலை இலையாக வரைந்தவர். பாவா அலுவலகத்துப் படங்கள் உலகம் முழுக்கக் காட்சிக்குப் போனதற்கு அந்த இலைகளும் காரணம். இஸ்மத் ரஹீம், அனுர ரத்னவிபூஷண, பின்னாளில் தமிழரான அஞ்சலேந்திரன். வெளியிலிருந்து கைகொடுத்தவர்கள் பட்டிக் கலைஞர் ஏனா டி சில்வா, நெசவு வண்ணத்தில் பெயர் வாங்கிய பார்பரா சன்சோனி.

இத்தனை கலைஞர்கள் ஒரு கூரைக்கு அடியில் இருந்தால் படம் அழகாக வரும், கட்டடம் வருமா? அதற்கு ஒரு தமிழ் இன்ஜினீயர் இருந்தார். டாக்டர் கே. பூலோகசுந்தரம். 1960களின் பிற்பகுதியில் பங்குதாரராகி, ஏறத்தாழ இருபது வருஷம் அந்த அலுவலகத்தின் கணக்கையும் கட்டுமானத்தையும் தோளில் தாங்கியவர். பென்டோட்டா கடற்கரை ஹோட்டல் காலத்திலிருந்து கோட்டே நாடாளுமன்றம் வரை. அந்த நாடாளுமன்றம் சதுப்பு நிலத்தை ஏரியாக்கி அதன் நடுவே எழுந்தது. 1979ல் வேலை கையில் வந்து 1982 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். மூன்றே வருஷம். பாவாவின் பெயரைச் சொல்கிற கட்டுரைகளில் பூலோகசுந்தரத்துக்குக் கிடைப்பது ஒரு வரி. இவருக்குத் தமிழில் ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு வர வேண்டும்.

அந்த அலுவலகத்தின் கலவை எப்படி வேலை செய்தது என்று காட்ட ஓர் ஓட்டுக் கூரை போதும். நாட்டு ஓடு அழகு, குளிர்ச்சி. ஆனால் ஒழுகும், குரங்கும் காக்கையும் தள்ளிவிடும். சிமென்ட் ஷீட் ஒழுகாது, ஆனால் அடுப்பாகக் காயும், பார்க்கவும் சகிக்காது. இவர்கள் நெளிந்த சிமென்ட் ஷீட்டை அடியில் போட்டு, அதன் பள்ளங்களிலும் மேடுகளிலும் அரைவட்ட ஓட்டைப் படுக்க வைத்தார்கள். தண்ணீரை ஷீட் பார்த்துக்கொள்ளும், வெயிலை ஓடு பார்த்துக்கொள்ளும். செலவு குறைவு, கொத்தனாருக்குப் புரியும். அழகு தெரிந்தவரும் ஒழுகல் தெரிந்தவரும் ஒரே மேசையில் சாப்பிட்டால்தான் இப்படி ஒன்று வரும்.

1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்கு அவர்கள் கொழும்பில் கட்டிய வீடு இன்னொரு சாட்சி. சின்ன மனை. தெருவுக்கு முதுகைக் காட்டி, நடுவில் பெரிய முற்றத்தைத் திறந்த வீடு. செட்டிநாட்டுக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் இதில் அதிசயம் இல்லை. அன்றைய கொழும்பில் எல்லாரும் மனை நடுவே பங்களா கட்டி, சுற்றி நாலு அடி விட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் மனை கைமாறியபோது அந்த வீட்டைக் கல் கல்லாக, ஓடு ஓடாக எண் போட்டுக் கழற்றி, லுனுகங்கவில் மறுபடி எழுப்பினார்கள்.

தமிழ்நாட்டுக்கும் அந்த அலுவலகம் வந்தது. 1970களில் சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தது. மதுரையில் மதுரை கிளப். பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்த கல்தூண்களை மதுரை கிளப்பில் கையாண்ட விதத்தை இன்றும் மாணவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில், புதுச்சேரியில், இதைவிடச் சின்னக் குழு ஒன்று 1930களிலேயே வேலை பார்த்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. வரைந்தவர் ஆன்டனின் ரேமண்ட், டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த செக் நாட்டவர். தளத்தில் நின்றவர்களில் பிரான்டிஷெக் சாமர், லெ கோர்பூசியேயிடமும் சோவியத் நாட்டிலும் வேலை பார்த்தவர்; ஜார்ஜ் நகாஷிமா, முதலில் வனவியல் படிக்கப் போய்க் கட்டடக்கலைக்கு மாறியவர். கண்ணாடி ஜன்னலே இல்லாமல், சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள். ஏ.சி. இல்லாமல் கடற்காற்றில் இயங்கும் கட்டடம். நகாஷிமா பிறகு அமெரிக்கா திரும்பி, மர மேசை நாற்காலி செய்பவராக உலகப் புகழ் பெற்றார். மரத்திலிருந்து கிளம்பியவர் மரத்துக்கே போனார்.

நம் மரபிலும் இந்தக் கலப்பு உண்டு. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி, பிள்ளையார்பட்டியின் ஸ்தபதிக் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதப் பட்டம் வாங்கியவர். உளி ஒரு கையில், கணக்கு ஒரு கையில். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர், பர்மிங்ஹாமில் கட்டடக்கலை படித்துவிட்டு, யுத்த காலத்தில் சீனாவில் மயக்க மருந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். நோயாளிகளோடு பழகியவர் என்பதாலோ என்னவோ, வீடு கேட்டு வந்தவரின் பர்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டார். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும். வெப்பமும் குறைவாக உள்ளே வரும்.

கர்நாடகத்தின் இன்றைய உதாரணம் பெங்களூர் பயோம். ஆர்க்கிடெக்ட் சித்ரா விஸ்வநாத். உடன் தண்ணீர் நிபுணர் எஸ். விஸ்வநாத். 1974ல் அறிவியல் கழகத்தில் தொடங்கிய அஸ்த்ரா திட்டத்தில், பேராசிரியர் ஜகதீஷ் போன்றவர்கள் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் செங்கல் செய்யும் முறையை வளர்த்திருந்தார்கள். அதை இவர்கள் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். மனையில் அடித்தளம் தோண்டுகிற மண்ணே சுவராகிவிடும். கூரைத் தண்ணீர் தொட்டிக்கும் கிணற்றுக்கும் போய்விடும். தங்கள் வீட்டு மாடியில் நெல்லே விளைவித்துக் காட்டினார்கள். தண்ணீர்க்காரர் கூட இல்லாத ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில், மழைநீர்க் குழாய் என்பது எலிவேஷனைக் கெடுக்காமல் எங்கே ஒளிப்பது என்கிற விஷயம் மட்டும்தான்.

நஞ்சன்கூட்டில் வீடு கட்டுகிறவருக்கு என்ன பின்புலம் உள்ளவர் வேண்டும்? இரண்டு விஷயம் சொல்லலாம். முதலாவது மண். ரசபாளே வாழைப்பழத்துக்குப் பேர் போன தாலுகா இது. அந்த வாழை செழிப்பது களிப்புள்ள கருமண்ணில். வாழைக்குப் பிடித்த மண் அஸ்திவாரத்துக்குப் பிடிக்காது. மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். வானம் தோண்டி வழக்கமான அஸ்திவாரம் போட்டால், நாலு வருஷத்தில் சுவரில் மூலைவாட்டில் விரிசல். மண் பரிசோதனை செய்து, கருமண்ணைத் தாண்டி இறங்கி அமரும் அஸ்திவாரம் போட வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர் கரிசல்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது வெள்ளம். கபினி அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு ஊருக்குள் எட்டிப் பார்க்கும். 2018லும் 2019லும் மல்லனமூலை மடத்துப் பக்கம் நெடுஞ்சாலையே முங்கியது. தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று சொல்ல, ஆறு வந்த அளவைச் சுவரில் பார்த்த உள்ளூர் மேஸ்திரி வேண்டும். பெங்களூர் அலுவலகத்தின் விருதுப் பட்டியல் இங்கே உதவாது.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள். கவுன்சில் பதிவு எண் என்ன? சிஏ என்று தொடங்கி, வருஷம், எண் என்று இருக்கும். கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். யாரிடம் ஜூனியராக இருந்தார்? இந்த மண்ணில் கட்டிய வீடு ஒன்றை, கட்டி ஐந்து மழை பார்த்த வீட்டை, காட்டுவாரா? ஸ்ட்ரக்சுரல் கணக்குப் போடுகிற இன்ஜினீயர் யார், கையெழுத்து அவருடையதா? சைட்டுக்கு வாரத்தில் எத்தனை நாள் யார் வருவார்? ஆர்க்கிடெக்சருக்கு முன்னால் அல்லது அதோடு கூட, அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் வேறு என்ன தெரிந்தவர்கள்? பதில் சொல்லச் சலித்துக்கொள்கிறவரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள்.